மருந்துக் கங்காணி தெளியவைத்த குளம்

புவனேந்திரன் ஓய்வுபெற்ற பிறகும் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் அவரை மருந்துக் கங்காணி என்றுதான் கூப்பிட்டார்கள். கொப்புள நோய் கண்ட தேயிலைக்கு மருந்தடிக்கும் ஆட்களை மேற்பார்வை செய்வது அவர் பார்த்த வேலை. அந்த வேலை அவருக்கு ஒரு கொள்கையையும் கொடுத்திருந்தது: உலகத்தில் எந்தத் தொல்லைக்கும் ஒரு மருந்து உண்டு, அதைத் தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட வேண்டியதுதான். எறும்புக்கு அடித்தார், அட்டைக்கு அடித்தார், மகள் கலியாணப் பந்தலின் வாழைமரத்தில் பூச்சி இருப்பதாகச் சொல்லி அதற்கும் அடித்தார்.

"என்மேல மட்டுந்தான் இன்னும் அடிக்கல," என்று அவர் மனைவி ரெங்கம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட மனிதரின் கண்ணெதிரே கோயில் குளம் பச்சையாகப் போனது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வருவதும் அந்தக் குளத்திலிருந்துதான். மழை பின்தள்ளிப்போய் வெயில் காய்ந்த அந்த வருடம், தண்ணீரின்மேல் யாரோ பெயின்ட் கொட்டிவிட்டதுபோல ஓர் ஆடை படர்ந்தது. நாற்றம் கோயில் வாசல்வரை அடித்தது. பெண்கள் குழாயை மறந்துவிட்டு, மேலே மலைச்சரிவில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குக் கேன் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நடந்த தூரமெல்லாம் கோயில் கமிட்டியைத் திட்டினார்கள். புவனேந்திரன் அந்தக் கமிட்டியின் செயலாளர்.

திருவிழா நெருங்கியது. ஸ்டோரில் மிச்சமிருந்த, தேயிலைக்கு அடிக்கும் கொப்பர் மருந்தைக் கேட்டு வாங்கிக் குளம் முழுக்கத் தெளித்தார். சில நாளில் பச்சை அடங்கிப் பழுப்பாகி அடியில் படிந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்தது. நாற்றமும் இல்லை.

தோட்டமே வந்து எட்டிப் பார்த்தது. கமிட்டித் தலைவர் சதீஸ்குமார் இரண்டு முடிவுகளை அறிவித்தார். புவனேந்திரனுக்குத் திருவிழாவன்று பொன்னாடை. அன்றைக்கே ரிப்பன் வெட்டிக் குழாயையும் திறப்பது, அதுவரை யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. தலைவர் ரிப்பன் வெட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த ஆசைதான் ஊரைக் காப்பாற்றியது என்று சொன்னால் அவரே நம்பமாட்டார்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலை ஹம்ஸியா வந்தாள். லுணுகலைக் கடைக்காரர் ஷுக்ரியின் மகள், பதுளையில் தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. குளம் பச்சையாக இருந்தபோது ஒரு போத்தலில் அள்ளிக்கொண்டு போயிருந்தாள்.

"அங்கிள், மருந்து போட்டீங்களா?"

"போட்டேன் மகள். பாத்தியா, அடி தெரியுது!"

அவள் பார்த்தாள். முகம் மலரவில்லை.

"அது பாசி மாதிரி தெரிஞ்சாலும் ஒரு வகை பக்டீரியா அங்கிள். நீலப்பச்சைப் பாசின்னு சொல்லுவாங்க. செடிமாதிரி வெயில்லயே சாப்பாடு செஞ்சுக்கும். ஒடம்புக்குள்ள காத்து வச்சிருக்கும், அதனாலதான் மேல மெதந்துச்சு. தேயிலைக்குப் போடுற உரம் மழையில கழுவுப்பட்டு வந்து இங்கதான் சேருது. நல்லாத் தின்னு பெருகிடுச்சு."

"அதான் கொன்னுட்டேனே."

"அதுதான் பிரச்சினை. நஞ்சு அதுட ஒடம்புக்குள்ள இருந்துச்சு. நீங்க கொன்னதும் ஒடம்பு ஒடைஞ்சு நஞ்சு தண்ணியில கலந்துடும். கொதிக்கவச்சாலும் போகாது. தானா அழிய ரெண்டு மூணு வாரமாவது விடணும். பச்சையா இருந்தப்ப யாரும் வாய்ல வைக்கல. இப்ப எல்லாரும் குடிப்பாங்க."

புவனேந்திரனுக்குக் கோபம்தான் வந்தது. நாளைக்குப் பொன்னாடை வாங்கப்போகிறவரிடம் இப்படியா பேசுவது? ஆனால் வீட்டுக்கு வந்தபோது ரெங்கம்மாவின் பசு கொட்டிலில் தலையைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. பச்சைத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்த மாடு அது. நேற்று தெளிந்த தண்ணீரை வயிறு முட்டக் குடித்திருந்தது. பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது.

ரெங்கம்மா அழவில்லை. "இதுக்கு என்ன மருந்து வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் தலைவரிடம் ஓடினார்.

"என்னங்க கங்காணி, மாடு சாக ஆயிரம் காரணம் இருக்கு. பச்சையா இருந்தப்ப கிளீன் பண்ணணும்னீங்க. கிளீனானதும் குடிக்காதேங்கிறீங்க. நோட்டீஸ்ல ஒங்க பேரு வந்துருச்சுங்க!"

"பேரு கெடக்குது தலைவரே. புள்ளைங்க குடிக்கும்."

"பொன்னாடையும் வாங்கியாச்சு," என்றார் தலைவர், அதோடு விஷயம் முடிந்ததுபோல.

மறுநாள் காலை குளக்கரையில் அண்டா வரிசையாக நின்றது. பானக்கத்துக்கு வெல்லம் இடித்துத் தயார். குளத்துத் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது. புவனேந்திரன் மைக்கைப் பிடித்து, தண்ணீரில் நஞ்சு இருக்கிறது என்றார். கூட்டம் தண்ணீரைப் பார்த்தது, அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. பிறகு அவரைப் பார்த்தது. "கங்காணிக்கு மாடு போன துக்கம்," என்று ஒருத்தி பரிவோடு சொன்னாள். பிள்ளைகள் தம்ளரோடு முண்டியடித்தன.

தட்டில் வைத்திருந்த வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பை அள்ளிப் புவனேந்திரன் வாயில் திணித்தார். அவசரமாக மென்றார். செருப்புக் காலோடு குளத்துப் படியில் இறங்கி, ஊர் பார்க்க, நடுத் தண்ணீரில் சிவப்பாகத் துப்பினார். திரும்பி வந்து ஒவ்வோர் அண்டாவிலும் துப்பினார்.

நஞ்சுக்கு நகராத கூட்டம் எச்சிலுக்குச் சிதறியது. "சீச்சீ! சாமி தண்ணியில!" தம்ளர்கள் பறந்தன. தலைவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாக்களைக் கவிழ்த்தார். ரிப்பன் வெட்டப்படவில்லை. பொன்னாடையை, மேடையில் கிடந்து வீணாகவேண்டாமே என்று, மைக் செட்காரருக்குப் போர்த்தினார்கள்.

கமிட்டி உடனே கூடியது. புவனேந்திரனைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கியது. தீட்டுக் கழிக்கும் பூசை முடியும்வரை குளத்தை ஒருவரும் தொடக்கூடாது, குழாயையும் பூட்டுவது என்று தீர்மானித்தது. பூசாரிக்கு வேறு கோயில்களில் திருவிழா இருந்ததால் ஒரு மாதம் கழித்து, அமாவாசை தாண்டி வரும் பௌர்ணமிக்குத்தான் நாள் கிடைத்தது. ஹம்ஸியா கேட்டதைவிட அது தாராளம்.

அன்று மாலை பெண்கள் மறுபடியும் கேன்களோடு பீலிக்கு ஏறினார்கள். போகும் வழியெல்லாம், கமிட்டியை விட்டுவிட்டு, புவனேந்திரனைத் திட்டினார்கள்.