மழை பெய்தால் படுத்துவிடும் பேங்க்

எங்கள் பேங்குக்கு ஒரு குணம் உண்டு. வெயில் அடிக்கிற நாளெல்லாம் நன்றாக ஓடும். நாலு தூறல் விழுந்தால் போதும், சர்வர் படுத்துவிடும். வேறு ஊரில் இது சின்னக் குறையாக இருக்கலாம். எப்போதும்வென்றான் ஊருக்குக் கிழக்கே வானத்தைப் பார்த்து விதைக்கிற கரிசலில், மழை பெய்கிற நாள்தான் பணம் தேவைப்படுகிற நாள். அந்த நாளில் கையை விரிக்கிற பேங்குக்கு, விவசாயிகளின் தோழன் என்று வாசலில் போர்டு வேறு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன புரட்டாசியில் ராத்திரி முழுக்க நல்ல மழை. புன்செயை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். எங்கள் காடு நிறைந்துவிட்டது. கரிசலில் மழை விட்டதும் இறங்கினால் மண் காலை விடாது. கொஞ்சம் உலர்ந்து பதம் வர வேண்டும். அந்தப் பதத்தில் விதை விழுந்துவிட வேண்டும். தவறவிட்டால் மண் இறுகி வெடித்துவிடும், அப்புறம் அதில் என்னத்தைப் போட்டாலும் குப்பையில் போட்ட மாதிரிதான். வீட்டில் எடுத்து வைத்திருந்த உளுந்து விதையில் வண்டு விழுந்து மாவாகப் போயிருந்தது. புது விதை வாங்கியாக வேண்டும். அதற்குப் பணம் இல்லாமல் இல்லை. குடோனில் போட்டிருந்த மிளகாய் வத்தலை விளாத்திகுளம் வியாபாரி அந்த வாரம்தான் எடுத்து, பணத்தை என் கணக்கில் போட்டிருந்தார்.

விதைக்கடைக்காரர் மழைநாளில் ரொக்கம்தான் வாங்குவார். போனைக் காட்டினேன். அதில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "கையில காசு, வாயில தோசை, அக்கா. போய் எடுத்துட்டு வாங்க" என்றார். சரி என்று பேங்க் வாசல் ஏடிஎம்முக்குப் போனேன். அட்டையைச் செருகினேன். உள்ளே கரகரவென்று பணம் எண்ணுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. வாய் திறக்கும் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். சத்தம் நின்றது. திரை அணைந்தது. அடுத்த நிமிடம் போனில் செய்தி வருகிறது, பணம் எடுத்துவிட்டேனாம்! யார் எடுத்தது? எந்தக் கையால் எடுத்தது? நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது.

உள்ளே போய்க் கத்தினேன். கவுண்டரில் ஒரு பிள்ளை இருந்தாள், விளாத்திகுளம் ரோட்டில் ஏதோ ஒரு கிராமம், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட இருக்காது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இல்லப்பா, இன்னும் சரியாகல" என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு இன்னும் ஏறியது.

"ஏட்டி, நான் இங்கன வயிறு எரிஞ்சு நிக்கேன், ஒனக்குப் பேச்சு கேக்குதோ?" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டு, "சர்வர் இல்லம்மா. கேபிள்ல தண்ணி எறங்கிட்டுன்னு சொல்லுதாங்க" என்றாள்.

"மிச்சப் பணத்தையாவது எடுத்துத் தா."

"ஒண்ணுமே ஓப்பன் ஆகலம்மா."

மேனேஜர் வெளியே வந்தார். வெளியூர்க்காரர். "பொறுமையா இருங்கம்மா. ஏடிஎம்ல போன பணம் தானா திரும்பி வந்துடும். கொஞ்சம் வொர்க்கிங் டேஸ் ஆகும்" என்றார்.

"சார், ஒங்க வொர்க்கிங் டே வாரதுக்குள்ள என் காடு காஞ்சிரும்."

"சிஸ்டம் ப்ராப்ளம்மா. என் கையில எதுவும் இல்ல."

மேலே இருக்கிறவன் கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டான், இவர் கையில் எதுவும் இல்லையாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? என் வீட்டுக்காரர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விளாத்திகுளம் வரை போனார். அங்கே இருந்த வேறு பேங்க் ஏடிஎம்மும் "உங்கள் வங்கி பதில் தரவில்லை" என்று அட்டையைத் துப்பியது. பதில் தராதது எனக்கு ஒன்றும் புதிதில்லை.

கைமாற்று வாங்கியிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். வாங்க முடியாது. எங்கள் பக்கம் விதைப்பு தொடங்கிய வீட்டில், கடைசி விதை மண்ணுக்குள் இறங்கும்வரை யாருக்கும் கடன் கொடுக்க மாட்டார்கள். கூலி கொடுப்பார்கள், டிராக்டர் வாடகை கொடுப்பார்கள். கடன் மட்டும் கூடாது. கொடுத்தால் தங்கள் விளைச்சல் கடன் வாங்கினவர் காட்டுக்குப் போய்விடும் என்று நம்பிக்கை. ஊர் மொத்தமும் அன்று காலைதான் பரணிலிருந்து விதைப்பெட்டியை இறக்கியிருந்தது; பெட்டி இறங்கினாலே விதைப்பு தொடங்கியதாகத்தான் கணக்கு. இருந்தும் வெட்கத்தை விட்டு அடுத்த வீட்டுக் கொழுந்தனாரிடம் போய் நின்றேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"மதினி, இன்னைக்கு மட்டும் கேக்காதிய. வெதச்சு முடிச்ச அன்னைக்கே நானே கொண்டாந்து தாரேன்."

அவர்மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. அவர் என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது என்று தெரிந்துதானே பணத்தை பேங்கில் போடுகிறோம்! மனிதர்கள் கொடுக்க முடியாத நாளில் கொடுப்பதற்குத்தானே அந்தக் கட்டடம்?

அடுத்தடுத்த நாளும் சர்வர் எழவில்லை. கொழுந்தனார் சொன்ன சொல் தவறவில்லை. தன் காட்டில் கடைசிச் சால் போட்ட கையோடு பணத்தைக் கொண்டுவந்தார். ஆனால் அதற்குள் எங்கள் காட்டில் மேல்மண் வெளுத்துவிட்டது. மனசு கேட்காமல் விதைத்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. முளைத்ததும் சாண் ஏறாமல் மஞ்சளித்து நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் உளுந்து கருகருவென்று படர்ந்து கிடக்கிறது. காலையில் காட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்காமல் போனது. ஒருநாள் அந்த வரப்பில் நிற்கும்போதுதான் போனில் செய்தி வந்தது, ஏடிஎம் பணம் திரும்பி வந்துவிட்டதாம். சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். வருந்தட்டும், நன்றாக வருந்தட்டும்.

அன்று ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னேன், இனி இந்த பேங்க் வேண்டாம் என்று. என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடி, "எல்லா பேங்கும் ஒண்ணுதாம்ட்டி. ஒரே குட்டையில ஊறுன மட்டை" என்றார். "கேஸ் மானியம், பயிர் இன்சூரன்ஸ் எல்லாம் அங்கனதான் வருது. எல்லாத்தையும் மாத்தி எழுதணும். விளாத்திகுளத்துக்கு பஸ் ஏறிப் போகணும். ஒனக்கு முட்டுவலி வேற."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது. நமக்குப் போக வழியில்லை என்று தெரிந்துதானே பேங்க்காரன் இப்படி நடத்துகிறான்? மாட்டை வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவோமா? புது பேங்கையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வெயில் நாளில் போய்ப் பார்த்து என்ன பிரயோஜனம்? மழைக்குக் காத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் இடி மின்னலோடு ஊற்றியது. குடையை எடுத்தேன். "ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா? இந்த மழையிலயா?" என்று வீட்டுக்காரர் கத்துகிறார். "இந்த மழையிலதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். விளாத்திகுளம் பஜாரில் கரண்ட் இல்லை. அன்று என் அட்டையைத் துப்பிய ஏடிஎம் இருந்த பேங்கில் மட்டும் விளக்கு எரிந்தது. ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நனைந்த சேலையும் சேறு அப்பிய காலுமாக வருகிறவர்கள் பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் வந்து, "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, மழையில ஒங்க பேங்க் ஓடுதான்னு பாக்க வந்தேன்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே அங்கே கணக்கு ஆரம்பித்துவிட்டேன்.

கார்த்திகையில் பழைய கணக்கை முடிக்கப் போனேன். அன்று நல்ல வெயில், சர்வர் குதிரை மாதிரி ஓடியது. அதே பிள்ளைதான் கவுண்டரில் இருந்தாள். கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தவள், "கம்ப்யூட்டர்ல காரணம் கேக்குதும்மா. சொந்தக் காரணம்னு போட்டுக்கிடுதேன்" என்றாள்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "எது என் சொந்தக் காரணம்? எண்ணுன பணத்தை முழுங்கிட்டு, வெதைக்கிற நாள்ல கையை விரிச்சது என் சொந்தக் காரணமா? உள்ளதைப் போடு. பேங்க் சரியில்லன்னு போடு."

"அப்படிப் போட எடமில்லம்மா. ஊர் மாறிப் போறது, கணக்கு வச்சிருக்கவிய எறந்துபோறது, சொந்தக் காரணம். இந்த மூணுதான் இருக்கு."

"அப்ப எறந்துபோச்சுன்னு போடு. என் காட்டு உளுந்து அத்தனையும் எறந்துதான் போச்சு. வெதைக்கிற நாள்ல பணம் இல்லன்னா என்ன ஆகும்னு ஒனக்கு எங்கன தெரியப்போகுது?"

அவள் தட்டுவதை நிறுத்தினாள். மேனேஜர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க அப்பா கணக்கும் இங்கனதான்மா. அன்னைக்கு நீங்க வந்தப்ப போன்ல அவியதான். வெதைக்குப் பணம் கேட்டாவ. நான் கவுண்டர்லயே உக்காந்திருக்கேன், என் கையால எடுத்துக் குடுக்க முடியல. எங்க காட்டுல இந்த வருசம் வெதைக்கவே இல்ல."

கவுண்டர் பக்கம் குனிந்து, "நீயும் மாத்திரு, தாயி" என்றேன்.

"எனக்குச் சம்பளமே இங்கனதானம்மா வருது."

சொல்லிவிட்டு அவள் மறுபடி தட்டத் தொடங்கினாள். சொந்தக் காரணம் என்றே போட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். கணக்கை முடித்துவிட்டு வெளியே வந்தால் கோபம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. போகும்போது ஒரு காட்டுக்கான கோபத்தோடு போனேன், வரும்போது இரண்டு காட்டுக்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டு வந்தேன்.