கயிற்றை அவிழ்த்தவள்

எல்வா மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். காலையில் ஆற்றில் பிடித்த ஐந்து மீன்கள் வாளியில் கிடந்தன. ஒரு காலை முக்காலியில் நீட்டியிருந்தாள். சர்க்கரைப் புண்ணுக்கு நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். வாரம் மூன்று நாள் எனக்கு அங்கே அந்த வேலை.

எல்வாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பூர்வகுடிகளான எங்களை அரசாங்கம் ஒதுக்கிவைத்த மிஷனில் பிறந்தவள். முப்பது வருடம் வெள்ளைக்காரர் விடுதியில் படுக்கை விரிப்பு துவைத்து நான்கு பிள்ளைகளை வளர்த்தாள். பன்னிரண்டு வயதில், ஊர்ச் சினிமாக் கொட்டகையில் கறுப்பர்களைப் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, பாவாடைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். போலீஸ் வந்து தேடியும் கிடைக்கவில்லை. அவள் அம்மா அதில் பல வருடம் துணி காயப்போட்டாள்.

இதை எல்வாவின் சித்தப்பா மகள் நோரீன் புத்தகத்தில் எழுதிப் பரிசும் வாங்கிவிட்டாள். பள்ளியில் பாடமாகவும் வைத்தார்கள். மறுநாள் காலை அங்கே வாசிக்கப்போகிறாள். புத்தகத்தில் அந்தச் சிறுமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், அவிழ்ப்பதே இல்லை.

"ரேடியோல அவ பேசுனதக் கேட்டியா? மூக்கால பேசுறா. சிட்னி போனதுல இருந்து மூக்கு வளந்துருச்சு."

"காலை ஆட்டாதே," என்றேன்.

அப்போதுதான் நோரீன் வந்தாள். வாளிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எல்வா, நாளைக்கு அந்தக் கொட்டகைக் கதைய வாசிக்கட்டுமா?"

எங்களில் ஒருவருடைய கதை அவருக்கே சொந்தம். அவர் சம்மதிக்காமல் ஊர் நடுவே வாசித்தால் எங்கள் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள்.

"அச்சுல போடறதுக்கு முன்னாடி கேக்கத் தோணலையா?"

"உன் அண்ணன்கிட்ட கேட்டேன். மூத்தவர் சரின்னா போதும்னு நினைச்சேன்."

"அவன் அன்னைக்குக் கொட்டகைக்கே வரல. எங்கயோ ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போயிருந்தான்." எல்வா கத்தியைத் துடைத்தாள். "அழுதது யாரு?"

"நான்தான்."

"அழுதது மட்டுந்தானா?"

"பாவாடையும் நனைஞ்சது. அதையெல்லாம் எழுத முடியுமாடி?"

"என்னை அழ வைக்க மட்டும் முடிஞ்சுதே."

நோரீன் தலையைக் குனிந்துகொண்டாள். "அழற பொண்ணுன்னாதான் வெள்ளைக்காரங்க அடுத்த பக்கம் புரட்டறாங்க. கயித்த எடுத்தவள எழுதுனா, திருடின்னு அங்கேயே மூடி வச்சிடுவாங்க."

எல்வா அடுத்த மீனை எடுத்தாள். செதிலைச் சுரண்டத் தொடங்கினாள்.

"பரிசு வாங்கறப்ப என்ன கலர் கவுன்?"

"பச்சை."

"பச்சை எனக்குத்தான் எடுக்கும்."

"தெரியும்."

"மேடையில நான் நின்னிருக்கணும்டி. உனக்குக் கதை எழுத வருது, எனக்கு வரல. அதான் வயிறு எரியுது." மீனை வாளியில் போட்டாள். "வாசிச்சுக்கோ. ஆனா நானும் வருவேன். பேனா எடுத்துட்டு வா."

மறுநாள் காலை, வாசிப்பு தொடங்குமுன், பள்ளியில் இருந்த பத்தொன்பது பிரதிகளையும் மேசையில் அடுக்கச் சொன்னாள் எல்வா. ஆசிரியை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காலை நீட்ட ஒரு நாற்காலி வேண்டுமென்று அவரை அனுப்பினேன். நோரீன் ஒவ்வொன்றாக அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். எல்வா 'அழுதாள்' என்பதை அடித்து, 'கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள்' என்று எழுதினாள். ஓரத்தில், 'அழுதது நோரீன்.' மை காயும்வரை நோரீன் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது முறை.