பிரியாணித் தட்டில் பொன் அரித்தது

இந்த அரபு நாட்டில் எங்கே பார்த்தாலும் மணல்தான். ஆனால் வளர்ந்த ஆள் ஒருவன் உட்கார்ந்து அதை அள்ளினால் நாலு பேர் கூடிவிடுவார்கள். போன விடுமுறையன்று ஜெபல் அலி கடற்கரையில் அப்படி அள்ளியவன் நான்தான். என் ரூம்காரன் முருகேசன், திருவாடானைக்காரன், கல்யாணத்துக்காக மறுநாள் லீவில் ஊருக்குப் புறப்பட இருந்தான். பெண்ணுக்கு வாங்கிய தங்க மூக்குத்தியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவன், எனக்குக் காட்டுகிறேன் என்று எடுத்து ஈரமணலில் தவறவிட்டான்.

"அண்ணே, போச்சுண்ணே! என் கையாலயே போட்டுவிடுறேன்னு அவகிட்டச் சொல்லிருக்கேன்ணே!"

"மிதிக்காதடா, அப்படியே நில்லு" என்றேன். பிரியாணி கொண்டுபோன அகலத் தட்டைக் கழுவி, அவன் காலடி மணலை அள்ளிப்போட்டுக் கடல்நீரில் சுழற்றத் தொடங்கினேன்.

நான் நீலகிரியில் தேவாலாக்காரன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஓடைகளில் பழங்குடியினர் மரத்தட்டில் மணலைச் சுழற்றிப் பொன் அரித்ததை, காப்பி பயிரிட வந்த வெள்ளைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான். லண்டனில் கம்பெனி மேல் கம்பெனி முளைத்தது. ஆஸ்திரேலியாவில் பொன் தேடியவர்கள் கப்பலேறி வந்தார்கள். இயந்திரங்களை மலைமேல் இழுத்தேற்றிப் பாறையை உடைத்தார்கள். செலவுக்குக்கூடப் பொன் தேறவில்லை. கடைசியில் தேயிலைதான் மிஞ்சியது. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்களும் ஓடையில் தட்டைச் சுழற்றுவோம். அடியில் கருமணல் நிற்கும். பொன் ஒருநாளும் நின்றதில்லை.

ஜெபல் அலியிலும் அதே கூத்து. முதல் தட்டு முடிவதற்குள் இரண்டு பட்டான்கள் தண்ணீர்ப் பாட்டிலை அறுத்து மணல் அள்ள ஆரம்பித்துவிட்டார்கள். "சோனா, சோனா" என்று பேச்சுப் பரவியது. "மாஃபி சோனா, பாய்!" என்று, இங்கே தங்கம் கிடையாது எனக் கத்தி, மூக்குத்தி என்று புரியவைக்க மூக்கைத் தொட்டுக் காட்டினேன். வாசம் பிடித்துத்தான் இடம் கண்டேன் என்று எடுத்துக்கொண்டார்கள் போலும், ஒருவர் மணலை முகர்ந்தே பார்த்தார். இவர்கள் கிளறுகிற கிளறலில் மூக்குத்தி ஆழத்துக்குப் போய்விடுமே என்று நான் இன்னும் வேகமாக அள்ளினேன்.

நல்லவேளை, வெள்ளைக் கந்தூரா அங்கி அணிந்த அரபிப் பெரியவர் ஒருவர் வந்து, "கலாஸ்! கலாஸ்!" என்று, போதும் எனக் கையசைத்துக் கூட்டத்தை விலக்கினார். இதை எங்கே கற்றாய் என்று உடைந்த இந்தியில் கேட்டார். எங்கள் ஊர் தங்கம் தோண்டிய ஊர் என்று அதைவிட உடைந்த இந்தியில் சொன்னேன்.

"உன் ஊரில் தங்கம் இருக்கிறதா? பிறகு ஏன் இங்கே வந்தாய்?"

கேலியில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நான் தட்டை இன்னொரு சுற்றுச் சுழற்றினேன். தட்டின் ஓரத்தில் மூக்குத்தி மினுங்கியது. முருகேசன் என்னைத் தூக்கிச் சுற்றிவிட்டான்.

மறுநாள் ஏர்போர்ட்டில், "நீங்களும் வந்திருக்கலாம்ண்ணே" என்றான்.

"லீவு கிடைக்கலையேடா. நீ பத்திரமாப் போ. இனி அதை யாருக்கும் காட்டாத."

என் வாழ்நாளில் நான் அரித்தெடுத்த முதல் பொன் அதுதான். அதுவும் ஊருக்குப் போய்விட்டது. ரூமுக்குத் திரும்பி அதே தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு கழுவியிருந்தும் பல்லில் மணல் கடித்தது.