கூடவே போகும் நர்ஸ்

அந்தச் சின்ன மருத்துவமனையில் அவளுக்கு ‘வழித்துணை அக்கா’ என்று பெயர். இங்கே கைமீறிப்போகும் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது ஆம்புலன்ஸில் கூடப் போகும் நர்ஸ் அவள்தான். வேடிக்கை என்னவென்றால், வண்டி ஏறினாலே அவளுக்குக் குமட்டும்.

அன்று மத்தியானம் வெல்டர் ஒருவன் மாதம் நிறையாத கர்ப்பிணி மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். தலை பிளக்கும் வலி, கண் மங்கல். ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. டாக்டரம்மா ஊசி மருந்தை ஆரம்பித்தார். குழந்தையை உடனே எடுக்க வேண்டும். ஆனால் குறைமாதப் பிள்ளையைக் காப்பாற்ற இங்கே வசதியில்லை.

“முடியாதுன்னா உடனே அனுப்புங்களேன்! எதுக்கு இழுத்தடிக்கிறீங்க?” வெல்டர் கத்தினான்.

“அனுப்பறோம் தம்பி,” என்றாள் அக்கா. “இப்படியே ஏத்தினா வழியிலயே வலிப்பு வந்துடும். முதல்ல பிரஷர் இறங்கணும். அங்கயும் இடம் இருக்கு, வாங்கன்னு சொல்லணும். தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய் யார் வாசல்லயோ இறக்கிட்டு வர சட்டம் விடாது.”

“சட்டம் பேசற நேரமாக்கா இது?”

“இந்த நேரத்துக்குன்னு போட்ட சட்டம்தான்பா.”

டாக்டரம்மா போனில் கேட்ட முதல் இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். அடுத்த இடத்தில் சரி என்றார்கள். அதற்குள் அழுத்தமும் மெல்ல இறங்கியிருந்தது. வெல்டர் ஆம்புலன்ஸில் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

முதல் வளைவிலேயே அக்காவுக்கு வயிற்றைப் புரட்டியது. ஒரு கையால் அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்தபடி, மறுகையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னக்கா ஆச்சு?” மருந்து மயக்கத்தில் அந்தப் பெண் கேட்டாள்.

“வண்டி எனக்கு ஒத்துக்காதும்மா.”

“அப்புறம் ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?”

“உன்னோட ஊர் சுத்தத்தான்.”

அந்தப் பெண் சிரித்தாள். பிடித்த கையை இறுக்கிக்கொண்டாள். பிறகு யாருக்கு யார் துணை என்று சொல்ல முடியவில்லை.

பெரிய மருத்துவமனையில், இதுவரை கொடுத்த மருந்தையெல்லாம் விளக்கி அந்தப் பெண்ணை ஒப்படைத்தாள். அவள் வேலை அதோடு முடிந்தது. ஆனால் கால் நகரவில்லை. “நீ போப்பா, நான் பஸ்ல வந்துக்கறேன்,” என்று டிரைவரை அனுப்பிவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் வெல்டர் வந்தான்.

“பொண்ணு பொறந்திருக்குக்கா. அவளும் நல்லாயிருக்கா. நான் கத்தினத மனசுல வெச்சுக்காதீங்க.”

“அத விடு. பிள்ளையப் பாத்தியா?”

“கண்ணாடிப் பெட்டியில இருக்கா. விரல நீட்டினேன், புடிச்சுக்கிட்டா.”

அக்கா நகர்ந்து இடம் விட்டாள். “உட்காரு. எந்த விரல்? மொதல்லேருந்து சொல்லு.”