கீலில் காய்ந்த சந்தனம்

திரையைப் பின்பக்கம் மடித்தால் டேப்லெட் ஆகிவிடும் என்றுதான் இந்த விலை குறைந்த லேப்டாப்பை வாங்கினேன். சில மாதங்களாகப் பாதி மடிப்பிலேயே நின்றுவிடுகிறது.

இன்று திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் லென்ஸ் வைத்துத் திரை மடங்கும் கீலைப் பார்த்தார். "இன்னாங்க இது, சந்தனமா?"

"ஆங். ஆயுத பூஜைக்கு அம்மா வெச்சாங்க."

"இந்த ஊர்ல பாதி லேப்டாப்பு இப்படித்தாங்க வருது. ஸ்கிரீன்ல வெக்காதீங்கன்னா கீலாண்ட வெச்சிட்றாங்க."

அதேதான். திரையில் வைக்காதே என்று நான் கத்தியதால், பீரோவுக்கு வைப்பதுபோல் கீலில் அழுத்தி வைத்தார் அம்மா. "ஸ்கிரீன்ல படலடா" என்றார். தை மாதம் தவறிவிட்டார்.

"இருங்க" என்று நான் சொல்வதற்குள் கடைக்காரர் அதை ஊசியால் நோண்டி எடுத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மேசைத் தூசியோடு ஊதிவிட்டார்.

"அம்மாவாண்ட சொல்லுங்க, அடுத்த தபா மூடி மேல வெக்கட்டும்."

"சொல்றேங்க."

இப்போது நன்றாக மடங்குகிறது. புதிது போல இருக்கிறது.

வரும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க இதை உங்களில் யார் வீட்டுக்கு எடுத்து வரட்டும், சொல்லுங்கள். கீலில் வைத்தாலும் கத்த மாட்டேன்.