ஏழு நிமிடத்தில் நிதானமாக

ஹாரன் அக்காவின் பேருந்தில் ஆறு வருடம் நான் நடத்துநராக இருந்தேன். அவர் குரலுக்காகப் பணிமனை வைத்த பெயர் அது. குறுக்கே பாய்கிறவனைப் பார்த்து ஒரு தரம் கத்தினார் என்றால் நிஜ ஹாரனுக்கு வேலையே இருக்காது. பதினெட்டு வருடத்தில் யார் மீதும் வண்டியை உரசியதில்லை.

அந்த வருட மருத்துவச் சோதனையில் அவர் எடை எண்பத்தாறு என்று வந்தது. ரத்த அழுத்தமும் கூடுதல். மூன்று மாதத்தில் எட்டு கிலோ இறங்காவிட்டால் ஓட்ட முடியாது, வாசலில் உட்கார்ந்து வண்டி எண் எழுத வேண்டியதுதான் என்றார் மேலாளர். அதையும் நாங்கள் எல்லோரும் நின்றிருந்த வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

"டிரைவர் சீட்டு தினம் அழுவுதும்மா" என்று ஒரு ஜோக் வேறு. சிலர் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துத் தொலைத்தேன்.  அக்கா வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்ததில் அவர் உள்ளங்கையில் தடம் பதிந்திருந்தது.

மன அழுத்தம் குறையவும் எடை கட்டுக்குள் நிற்கவும் என்று ஓட்டுநர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். பயிற்சியாளர் ஓர் இளம்பெண். ஆளுக்கொரு உலர்ந்த திராட்சையைக் கொடுத்து, பாருங்கள், முகருங்கள், அவசரமில்லாமல் மெல்லுங்கள் என்றார். கை பிஸ்கட்டுக்குப் போகும்போது அது பசியா, பதற்றமா என்று கவனிக்க வேண்டும். ஒரு வேளை சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். எங்கே, எப்படிச் சாப்பிட்டோம் என்று தினமும் தாளில் எழுத வேண்டும்.

அக்கா எழுந்தார். "ஏம்மா, கடைசி ஸ்டாப்புல எங்களுக்கு ஏழு நிமிஷம். அதுலயே வண்டியைத் திருப்பணும், பாத்ரூம் போகணும். நான் இருபது நிமிஷம் மென்னுக்கிட்டு இருந்தா வண்டியை யாரு ஓட்டுவா, இந்தத் திராட்சையா?"

கூடமே சிரித்தது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "ஏழு நிமிஷமா? எனக்கு யாருமே சொல்லலையேக்கா. அதையும் அப்படியே எழுதுங்க."

அக்காவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. சிக்னலில் இரண்டு பிஸ்கட். பசியில்லை, நேரம் பிந்திய பதற்றம். கடைசி நிறுத்தத்தில் நின்றபடி ரொட்டி, ருசி தெரியவில்லை. இப்படியே எழுதினார். ஒரு விடுமுறை நாளில் கணவரோடு உட்கார்ந்து மெல்ல மென்று சாப்பிட்டபோது பாதித் தட்டிலேயே வயிறு நிறைந்துவிட்டதாம்.

"போதும்னு வயிறு சொல்றது இத்தனை வருஷமா என் காதுலயே விழல தம்பி. விழ விடல இவங்க" என்று மறுநாள் என்னிடம் வருத்தப்பட்டார். மாலைக்குள் அந்த வருத்தம் கொதிப்பாக மாறிவிட்டது. எங்கள் வழித்தடத்தில் ஒரு நடைக்கு முன்பெல்லாம் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். நெரிசல் இரண்டு மடங்கான பிறகு ஐம்பது நிமிடமாக்கிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து மேலாளர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "என்னம்மா இது, புகார் மனு மாதிரி? நல்லபடியா மாத்தி எழுதிக் குடு."

"நடந்ததைத்தான் எழுதியிருக்கேன் சார். மாத்தணும்னா நேரத்தை மாத்துங்க."

அடுத்த நாள் மதியம் கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பயணிகளைப் பார்த்துத் திரும்பினார். "இருபது நிமிஷம் ஆகும். அவசரம்னா பின்னாடி நிக்கிற வண்டியில போங்க, இந்த டிக்கெட்டே செல்லும்." சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். ஒருவர் எகிறினார். மருந்துப் பையோடு இருந்த ஒரு பெண்மணி, "அவங்களும் மனுஷிதானே, சாப்பிடட்டும் விடுங்க" என்று அவரை அடக்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தேன். வண்டி பதின்மூன்று நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வகுப்பில் கொடுத்த அறிவுரைத் தாளை அக்கா அவர் முன்னால் வைத்தார். "இருபது நிமிஷம்னு போட்டு உங்க மேலாளர்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு. நான் எந்த உத்தரவையும் மீறல சார். இதை ஒரு நாளாவது கடைப்பிடிச்சேன், அவ்வளவுதான்."

யாரும் கூப்பிடாமலே பயிற்சியாளரும் வந்திருந்தார். நாற்பத்தோரு ஓட்டுநர்கள் எழுதிய தாள்களின் நகல் அவர் கையில் இருந்தது. அதிகாரி புரட்டினார். நின்றபடி, சிக்னலில், நின்றபடி. நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "இதெல்லாம் உண்மையா?"

மேலாளர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். "அவங்க கூடவே போய்வரேன் சார். அத்தனையும் உண்மை" என்றேன்.

இருந்தாலும் அக்காவை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்கு அடுத்த மாதமே எங்கள் வழித்தடத்துக்கு மட்டும் மதிய இடைவேளை இருபத்தைந்து நிமிடமானது. மூன்று மாத முடிவில் அக்கா இறக்கியது எட்டு கிலோ அல்ல, ஐந்து. ரத்த அழுத்தம் தணிந்திருந்ததால் ஓட்டலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

அப்புறம்தான் பணிமனைச் சுவரில் அந்தப் படத்தை ஒட்டினார்கள். அக்காவின் அடையாள அட்டைப் புகைப்படம், கீழே கொட்டை எழுத்தில்: 'மனதை மாற்றினார், எடையை வென்றார்.'

அக்கா இரண்டு முறை படித்தார். "எனக்கு மனசு இல்லாமலா இருந்துச்சு? நேரம்தானேடா இல்ல!" என்றவர் அதைக் கிழித்தெடுத்து, நாலாக மடித்து, மேலாளரின் மேசையில் வைத்தார். "மத்த வழித்தடத்துக்கும் நேரம் குடுங்க சார். அப்புறம் யார் படத்தை வேணா ஒட்டிக்கலாம்."

மற்ற வழித்தடங்களின் விஷயம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் அக்கா மேலாளர் அறைக்குப் போய், பரிசீலனை முடிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். இப்போது நானும் கூடப் போகிறேன்.