ஹாலோ பிளாக் கம்பெனியில் நான் போட்ட சத்தம்

போன வருடம் ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம். கும்மிடிப்பூண்டியை அடுத்த ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியை. கொஞ்சம் கையில் காசு சேர்ந்தவர்கள் வேப்பம்பட்டுப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இருப்பவர்களின் பிள்ளைகள் பாதிப் பேர் வேன் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறார்கள். என்னிடம் மிஞ்சியது ஏழே பேர். புதிதாக யாரும் சேராவிட்டால் பள்ளியைப் பக்கத்து ஊரோடு இணைத்துவிடுவார்கள் என்று பேச்சு. அப்புறம் அந்தக் குழந்தைகள் லாரி ஓடும் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

"ஹாலோ பிளாக் கம்பெனியாண்ட இந்திக்காரங்க புள்ளைங்க சும்மா சுத்திக்கினு கீதுங்க டீச்சர். போய் இட்டாரலாம் வாங்க" என்றார் சத்துணவு சமைக்கும் அக்கா. கிளம்பினோம்.

அங்கே ஷெட் வாசலில் பீகாரிலிருந்து வந்த ஒரு பெண், தன் மூன்று மகள்களோடு இருந்தார். எனக்கு இந்தி சுத்தமாக வராது. பிள்ளைகளைக் காட்டி "ஸ்கூல், ஸ்கூல்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே "கல், கல்" என்றார். சிமென்ட் கல் வார்க்கும் இடத்தில் நின்றுகொண்டு கல் என்றால் நான் என்ன நினைப்பேன்? பிள்ளைகளுக்குக் கல் வேலை இருக்கிறதாம்! எனக்கு வந்ததே கோபம். குழந்தைகளை வேலைக்கு வைத்தால் போலீஸ் வரும் என்று கத்திவிட்டு வந்தேன். நான் பேசியதில் 'போலீஸ்' மட்டும்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே, எண்ணெய் வைத்துத் தலைவாரிய மூன்று பிள்ளைகளோடு பள்ளி வாசலில் அவர் நின்றார். என்னைப் பார்த்ததும் கைகூப்பி, "போலீஸ் நஹி, மேடம்" என்றார்.

கூட வந்த கம்பெனி மேஸ்திரிதான் விளக்கினார். "கல்னா அவங்க பாஷைல நாளைக்கு, டீச்சர். நாளைக்கு இட்டாரேன்னு சொல்லிக்கீது. நீங்க போட்ட சத்தத்துல பேஜாராயி, நாஷ்டா கூடத் துன்னாம வந்துகீது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அக்கா உள்ளே அழைத்துப்போய் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். அந்த மாதத்துக்குள் அவரே ஷெட் ஷெட்டாகப் போய் இன்னும் பதினோரு பிள்ளைகளை அழைத்து வந்தார். இணைப்புப் பேச்சு அடங்கிவிட்டது.

ஊரை விட்டுப் போனவர்களை எண்ணிப் புலம்பிக்கொண்டிருந்த நான், ஊருக்கு வந்தவர்களை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. போலீஸுக்குப் பயந்து பிள்ளைகளோடு எங்காவது ஒளிந்துகொள்ளாமல், பள்ளிக்கே வந்து நின்றாரே அந்தத் தாய், அந்தத் தைரியத்தில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்றும் ஊருக்குள்ளேயே படிக்கிறார்கள்.